லைபேஸ் மூன்று மடங்கு ஏறினால் கணையம் காயப்பட்டதா? எக்ஸெனடைட், லிராகுளுடைட்: ஒரு நிகழ்வு ஆய்வு

அரிசோனா பாலைவனத்தில் ஹீலா என்று ஒரு தடித்த பல்லி இருக்கிறது. கடித்தால் லேசில் விடாது. விஷம் அதன் எச்சிலோடு கலந்து இறங்கும். 1982-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ராஃப்மன் குழுவினர், கினிப்பன்றியின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த செல்களில் இந்த விஷத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். செல்கள் அமைலேஸை வெளியே தள்ளின.

அமைலேஸ் மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் நொதி. அதைச் சுரப்பது கணையத்தின் அன்றாட வேலை. அப்படியானால் செல் உடைந்ததால் அமைலேஸ் வந்ததா, தூண்டப்பட்டுச் சுரந்ததால் வந்ததா? விஷத்தில் இருந்த பெப்டைடுகள் (குட்டிப் புரதத் துண்டுகள்) செல்லின் ஏற்பிகளில் போய் ஒட்டி, உள்ளே சமிக்ஞையை எழுப்பிச் சுரக்க வைத்தன என்று அந்தக் குழு காட்டியது. செல்கள் தம் வேலையைத்தான் செய்திருந்தன.

அதே பல்லியின் விஷத்திலிருந்து நியூயார்க்கின் பிராங்ஸில் ஜான் எங் 1992-ல் இன்னொரு பெப்டைடைக் கண்டெடுத்தார். அமைலேஸைத் தள்ளியவற்றிலிருந்து வேறுபட்ட இதற்கு எக்ஸெண்டின்-4 என்று பெயர். 39 அமினோ அமிலங்கள். சாப்பிட்டதும் இன்சுலினைத் தூண்ட நம் குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1 ஹார்மோனோடு பாதிக்கு மேல் ஒத்துப்போகும். நம் ஹார்மோன் ரத்தத்தில் இரண்டு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காது. இது மணிக்கணக்கில் நின்றது. இதன் செயற்கை வடிவம்தான் எக்ஸெனடைட். 2005 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுக்க, பையெட்டா என்ற பெயரில் நாளைக்கு இரண்டு வேளை போடும் நீரிழிவு ஊசியாகக் கடைக்கு வந்தது. லிராகுளுடைட், செமாகுளுடைட், இப்போது நம் ஊர் மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் டிர்செபடைட் எல்லாம் இந்த வரிசையில் பின்னால் வந்தவை.

மருந்துப் பாதுகாப்பு அறிக்கைகளைப் படிப்பது என் வேலை. இந்த மருந்துகள் கணையத்தைக் கெடுக்கின்றனவா என்று 2007-ல் கிளம்பிய சர்ச்சையை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அத்தனை ஆண்டுக் குழப்பத்தில் பெரும்பங்கு மருந்தால் வந்ததில்லை என்பது என் கருத்து. எல்லார் கையிலும் இருந்த ரத்தச் சோதனைக்கு, கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் திறமே இல்லை.

முப்பது அறிக்கைகள்

2007 அக்டோபரில் எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை விட்டது. எக்ஸெனடைட் எடுத்தவர்களில் திடீர்க் கணைய அழற்சி வந்ததாக 30 அறிக்கைகள் வந்திருந்தன. 21 பேர் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள். 22 பேருக்கு மருந்தை நிறுத்தியதும் குணம் தெரிந்தது. 6 பேருக்கு மருந்தின் அளவை 5 மைக்ரோகிராமிலிருந்து 10-க்கு ஏற்றியதை ஒட்டித் தொந்தரவு தொடங்கியது அல்லது கூடியது. 3 பேருக்கு மருந்தைத் திரும்பத் தொடங்கியதும் தொந்தரவு திரும்பி வந்தது: 2 பேருக்குக் குமட்டலும் வாந்தியும், ஒருவருக்கு வயிற்று வலி.

இந்த வரிகளைப் படித்தால் யாருக்கும் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். நிறுத்தினால் அடங்குகிறது, அளவைக் கூட்டினால் கிளம்புகிறது, திரும்பக் கொடுத்தால் திரும்புகிறது. ஒரு மருந்தைக் குற்றவாளி என்று சொல்வதற்கு நாங்கள் தேடும் தடயங்கள் இவைதான். ஆனால் அதே எச்சரிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. 30 பேரில் 27 பேருக்குக் கணைய அழற்சி வர வேறு காரணம் குறைந்தது ஒன்றாவது இருந்தது: பித்தப்பைக் கல், எக்கச்சக்கமாக ஏறிய டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு, அல்லது மது.

திரும்ப வந்த குமட்டலையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குமட்டல் இந்த மருந்தின் மிகச் சாதாரணமான பக்கவிளைவு. கணையம் நன்றாக இருப்பவருக்கும் வரும். நீரிழிவே கணைய அழற்சி வரும் வாய்ப்பை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டுகிறது என்று பெரிய கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன. உடம்பு இளைக்கும்போது பித்தக்கல்லும் சேரும். இத்தனை இழைகள் பின்னிக் கிடக்கும் இடத்தில் மருந்து என்ற ஒற்றை இழையை உருவி எடுக்க ஒரு நல்ல ரத்தச் சோதனை வேண்டும். இருந்தது அமைலேஸும், கொழுப்பைச் செரிக்க வைக்கும் நொதியான லைபேஸும் மட்டும்.

2008 ஆகஸ்டில் மேலும் 6 பேர் பற்றிய செய்தி வந்தது. இவர்களுக்குக் கணையத்தில் ரத்தக்கசிவும் திசு அழுகலும்; 2 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பரில் அதே ஹார்மோன் வழியில் வேலை செய்யும் சிட்டாகிளிப்டின் மாத்திரையும் பட்டியலில் சேர்ந்தது, 88 அறிக்கைகளோடு. அப்புறம் செய்தித்தாள், வழக்கு, மருத்துவர்களிடையே இரண்டு அணி.

அந்த எண் எங்கிருந்து வருகிறது

கணையத்தின் நொதி செல்கள் திராட்சைக் குலைபோலக் கொத்துக் கொத்தாக இருக்கும். உடம்பில் இவ்வளவு வேகத்தில் புரதம் செய்யும் செல்கள் வேறு இல்லை என்றே சொல்லலாம். செய்த நொதிகளைச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டி, குலையின் நடுவில் இருக்கும் குழாய்ப் பக்கமாகத் தள்ளும். அங்கிருந்து குடலுக்கு. இதில் ஒரு துளி எப்போதும் பின்பக்கமாக ரத்தத்துக்குள் கசியும். நமக்கெல்லாம் ரத்தத்தில் கொஞ்சம் அமைலேஸும் லைபேஸும் இருப்பது அதனால்தான். செல் அடிபட்டால் கசிவு வெள்ளமாகிறது. 1929-ல் எல்மன் குழு அமைலேஸை வைத்தும், 1932-ல் செர்ரியும் கிராண்டலும் நாய்களின் கணையக் குழாயைக் கட்டி லைபேஸை அளந்தும் இதைக் காட்டினார்கள். ஏறக்குறைய நூறு வருஷமாகியும் நம் ஆய்வகங்கள் அந்த இரண்டையேதான் அளக்கின்றன.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தபடி அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு இவை நல்ல சோதனைகள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2012-ல் திருத்திய அட்லாண்டா வரையறைப்படி, கணையத்துக்கே உரிய வயிற்று வலி, மேல்வரம்பில் மூன்று மடங்குக்குக் குறையாத அமைலேஸ் அல்லது லைபேஸ், ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் திடீர்க் கணைய அழற்சி. நொதி ஒன்று மட்டும் போதாது என்று வரையறையே சொல்கிறது. நடைமுறையில் இது அடிக்கடி மறந்துபோகிறது.

அமைலேஸ் எச்சில் சுரப்பியிலிருந்தும் வரும். பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைக்குக்கூட ஏறும். சிலருக்கு அது வேறொரு புரதத்தோடு சேர்ந்து பெரிதாகிவிடுவதால் சிறுநீரில் இறங்காமல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவருக்கு நோயே இருக்காது. டிரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்தால் உண்மையான அழற்சியிலும் அமைலேஸ் அளவு சாதாரணம்போலத் தெரியலாம். லைபேஸ் கணையத்தை நம்பகமாகக் காட்டும் என்பார்கள்; சரிதான், ஆனால் சிறுநீரகம் தளர்ந்தால் அதுவும் ரத்தத்தில் தேங்கும். நேரக் கணக்கும் உண்டு. அமைலேஸ் சில மணி நேரத்தில் ஏறி மூன்று முதல் ஐந்து நாளில் இறங்கிவிடும். லைபேஸ் ஒரு வாரம் தாண்டியும் நிற்கும். வலி வந்து நாலைந்து நாள் வீட்டில் கிடந்துவிட்டு வருபவரிடம் அமைலேஸை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

இந்தக் குறைகள் எல்லாம் பாடப்புத்தகத்திலேயே உண்டு. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது, நொதி ஏறியதை வைத்து அது சுரந்து வந்ததா, உடைந்து வந்ததா என்று சொல்ல முடியாது என்பதுதான். 1982-ல் அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தில் எழுந்த கேள்விதான் 2007-ல் லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு முன்னால் வந்து நின்றது. கிண்ணத்தில் இருந்த செல்களை நேரே ஆராயலாம். உயிரோடு இருப்பவரின் கணையத்தை அப்படி எடுத்துப் பார்க்க முடியாது; இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கும் உறுப்பு அது.

தானமாக வந்த கணையங்களும் பதினெட்டாயிரம் விலங்குகளும்

உயிரோடு இருப்பவரிடம் பார்க்க முடியாததை இறந்தவர்களிடம் பார்த்தது பட்லர் குழு. உறுப்பு தானமாகக் கிடைத்த கணையங்களை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். இந்த வகை மருந்து எடுத்தவர்கள் 8 பேர் (7 பேர் சிட்டாகிளிப்டின், ஒருவர் எக்ஸெனடைட்), வேறு மருந்து எடுத்த நீரிழிவாளர்கள் 12 பேர், நீரிழிவே இல்லாதவர்கள் 14 பேர். முதல் கூட்டத்தாரின் கணையம் சுமார் 40 சதவீதம் பெரிதாக இருந்தது. செல் மாற்றங்களும் தெரிந்தன. அந்த மார்ச்சிலேயே எஃப்.டி.ஏ. தாங்களும் ஆராய்வதாக அறிவித்தது.

8 பேர். வயது, நீரிழிவின் வகை, எத்தனை வருஷ நோய் என்பதெல்லாம் கூட்டத்துக்குக் கூட்டம் ஒத்துப்போகவில்லை என்று மற்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த விமர்சனம் நியாயமானது. ஆனாலும் அந்தக் குழுவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரத்தத்தில் தெரியவில்லை என்றால் திசுவைத்தான் தேடிப் போக வேண்டும். கிடைத்த திசு அவ்வளவுதான்.

எஃப்.டி.ஏ.வும் ஐரோப்பிய மருந்து முகமையும் சேர்ந்து 2014 பிப்ரவரியில் தங்கள் முடிவை வெளியிட்டன. ஏறக்குறைய 250 நச்சுத்தன்மைச் சோதனைகள், 18,000-ஐ நெருங்கும் ஆரோக்கியமான விலங்குகள். வெளிப்படையான கணையக் காயம் எதிலும் இல்லை. நீரிழிவு விலங்கு மாதிரிகளையும் தனியாகப் பார்த்தார்கள். கொழுப்புத் தீனி கொடுத்து எக்ஸெனடைட் செலுத்திய எலிகளில் மட்டும் நொதி செல்களில் சிறு அளவிலும் நடுத்தர அளவிலும் மாற்றங்கள். மனிதர்களில் 200-க்கு மேற்பட்ட சோதனைகள், சுமார் 41,000 பேர். அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் இந்த மருந்துகளே காரணம் என்ற கூற்று கையிலிருக்கும் தரவோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதினார்கள். அதோடு விவகாரம் முடிந்தது என்று சொல்லவும் இல்லை. எச்சரிக்கை வாசகத்தையும் கண்காணிப்பையும் அப்படியே வைத்தார்கள். சரியான முடிவு.

லீடர் சோதனை

லிராகுளுடைட் ஊசியின் இதயப் பாதுகாப்பைப் பார்க்க நடந்த பெரிய சோதனைக்கு லீடர் என்று பெயர். 32 நாடுகள், 9,340 நீரிழிவு நோயாளிகள், பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. சராசரியாக நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தொடர்ந்தார்கள். நம் கேள்விக்கு இதன் அருமை வேறு இடத்தில். சர்ச்சை காரணமாக, எல்லாருக்கும் குறித்த இடைவெளியில் அமைலேஸும் லைபேஸும் அளந்தார்கள், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். கணைய அழற்சி என்று வந்த ஒவ்வொரு சம்பவத்தையும், யாருக்கு எந்த ஊசி என்று தெரியாத நிபுணர்கள் பரிசீலித்தார்கள்.

முதல் ஆச்சரியம் ஊசி போடுவதற்கு முன்னாலேயே வந்தது. எந்தத் தொந்தரவும் சொல்லாத இந்த நோயாளிகளில் 22.7 சதவீதம் பேருக்கு லைபேஸோ அமைலேஸோ மேல்வரம்பைத் தாண்டியிருந்தது. நூற்றுக்கு ஒருவருக்கு லைபேஸ் மூன்று மடங்குக்கும் மேல். அதாவது நீரிழிவாளர் ஒருவருக்கு லைபேஸ் ஏறியிருப்பதைக் கண்டதும் அவர் எடுக்கும் மருந்தைச் சந்தேகிக்கிறோமே, அந்த மருந்து வருவதற்கு முன்பும் அது ஏறியே இருந்திருக்கலாம். இந்தக் கணக்கு 2007-ல் யார் கையிலும் இல்லை. இருந்திருந்தால் அந்த 30 அறிக்கைகளையே வேறு கண்ணோடு படித்திருப்பார்கள்.

ஊசி தொடங்கி ஆறு மாதத்தில் லிராகுளுடைட் எடுத்தவர்களின் லைபேஸ் மற்றவர்களைவிட 28 சதவீதமும், அமைலேஸ் 7 சதவீதமும் கூடுதலாக இருந்தது. பிறகு ஏறாமல் அப்படியே நின்றது. சிகிச்சைக் காலத்தில் ஒரு முறையாவது லைபேஸ் மூன்று மடங்கைத் தொட்டவர்கள் மருந்துப் பக்கம் 7.9 சதவீதம், மறுபக்கம் 4.5 சதவீதம். இதோடு நிறுத்தியிருந்தால் மருந்து கணையத்தைக் கெடுக்கிறது என்றுதான் எழுதியிருப்பார்கள்.

ஆனால் உறுதியான கணைய அழற்சி வந்தவர்கள்: லிராகுளுடைட் எடுத்தவர்களில் 18 பேர், மருந்தில்லாத ஊசி எடுத்தவர்களில் 23 பேர்.

மருந்துப் பக்கம் இருந்த 4,668 பேரில் 7.9 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 370 பேர். இவ்வளவு பேருக்கு லைபேஸ் மூன்று மடங்கு. அழற்சியோ மொத்தமே 18 பேருக்கு. நொதி ஏற்றத்தைப் பார்த்து இவருக்கு அழற்சி வரும் என்று முன்கூட்டிச் சொன்னால், அது பலிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்று அந்த ஆய்வே கணக்கிட்டது. முன்னால் கணைய அழற்சி வந்திருந்தவர்களிலும் மருந்து எடுத்தவர்களுக்கு அது கூடுதலாக வரவில்லை.

பிறகு லைபேஸ் ஏன் ஏறியது? எலிகளில் செய்த ஒரு வேலை நல்ல துப்பு தருகிறது. டேனியல் டிரக்கரின் ஆய்வகம் 2015-ல் வெளியிட்டது. இந்த வகை மருந்து கொடுத்த எலிகளின் கணையம் எடை கூடியது. செல்கள் பெருகியதாலோ வீங்கியதாலோ இல்லை, செல்கள் கூடுதல் புரதம் செய்ததால். மனிதரிலும் இதுவேதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டறையில் உற்பத்தி கூடினால் கசிவும் கூடும் என்பது புரிந்துகொள்ளக் கூடியதுதான்.

வீட்டுக்கு வந்த ஒரு தாள்

இதெல்லாம் ஆய்வாளர்களின் விவகாரம் என்று நினைத்தால், என் பெரியம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். வயது 63. நீரிழிவுக்கு வாரம் ஒரு ஊசி. முழு உடல் பரிசோதனை என்று எடுத்ததில் லைபேஸும் சேர்ந்திருந்தது. மேல்வரம்பு 60 என்று போட்டு, பக்கத்தில் 196. தடித்த எழுத்தில், சிவப்பில். பார்த்த மருத்துவமனையில் அன்றைக்கே ஊசியை நிறுத்தச் சொல்லி, மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாளை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"பெரியம்மா, வயிறு வலிக்குதா?"

"இல்லப்பா."

"முதுகுப் பக்கம்? வாந்தி?"

"ஒண்ணுமில்ல. காலையில நாலு இட்லி சாப்பிட்டேன். இப்ப இந்தத் தாளப் பாத்ததுலேருந்துதான் வயித்தக் கலக்குது."

அதே தாளில் இரண்டு வரி மேலே கிரியாட்டினின் 1.4 என்று இருந்தது. சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. லைபேஸ் தேங்க அதுவும் ஒரு காரணம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்த ஸ்கேன் மருந்தையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் சாதாரண அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். கல்லும் இல்லை, வீக்கமும் இல்லை. ஊசி நின்ற மூன்றாவது வாரத்தில் சர்க்கரை 280-க்குப் போனது. திரும்ப ஊசி தொடங்குவதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது. மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. மூன்று மடங்கு என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது யாருக்கும் எளிதில்லை. வலியே இல்லாதவருக்கு அந்தச் சோதனையை எடுத்ததுதான் முதல் தவறு.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊசி போடுபவருக்கு மேல்வயிற்றில் பொறுக்க முடியாத வலி வந்து முதுகுக்குப் பரவினால், வாந்தி நிற்காவிட்டால், இந்தக் கட்டுரை எதற்கும் ஆறுதல் இல்லை. ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது எடுக்கும் லைபேஸுக்கு முழு மதிப்பு உண்டு.

உண்மையாகவே காயப்படுத்தும் மருந்துகள்

லிராகுளுடைட் கதையை வைத்து மருந்தால் கணையம் கெடுவதே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆஸ்பராஜினேஸ், கணையத்தை நிஜமாகவே தாக்குகிறது. பல நாட்டுச் சிகிச்சைக் குழுக்கள் சேர்ந்து இப்படிப் பாதிக்கப்பட்ட 465 குழந்தைகளின் விவரத்தை 2017-ல் வெளியிட்டன. நாலில் ஒரு குழந்தைக்குக் கணையத்தை ஒட்டி நீர்க்கட்டி வந்தது. 2 சதவீதம் குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்தைத் திரும்பக் கொடுத்த 96 குழந்தைகளில் 44 பேருக்கு அழற்சி மறுபடி வந்தது.

திரும்பக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மருத்துவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மருந்தை விட்டால் புற்றுநோய் திரும்பும் பயம். கொடுத்தால் பாதிக்குப் பாதி கணையம். வலி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால், இந்தக் குழந்தையின் செல்கள் உடையத் தொடங்கிவிட்டன என்று சொல்லும் ஒரு ரத்தச் சோதனை இருந்தால் அந்தக் குழந்தைக்கு என்ன மதிப்பு! எனக்கு இந்தத் துறையில் பிடிப்பு வந்ததே இந்த 465 பேரைப் படித்த பிறகுதான்.

நோயெதிர்ப்பைத் தணிக்கும் அசாதயோபிரின் மாத்திரைக்கு வேறொரு வழி திறந்திருக்கிறது. குடல் அழற்சி நோயாளிகளில் நோயெதிர்ப்போடு தொடர்புடைய எச்.எல்.ஏ. மரபணுவின் குறிப்பிட்ட ஒரு வகை ஒரு பிரதி இருந்தால் சுமார் 9 சதவீதம் பேருக்கும், இரண்டு பிரதி இருந்தால் 17 சதவீதம் பேருக்கும் இந்த மருந்தால் கணைய அழற்சி வருகிறது என்று 2014-ல் கண்டார்கள். யாருக்கு வரக்கூடும் என்பதை அது சொல்லும். வந்துகொண்டிருக்கிறதா என்பதை அது சொல்லாது.

உடைந்தால் மட்டும் வெளியே வருவது

அரிசி மில் வாசலில் தவிட்டுத் தூசி கிடந்தால் மில் ஓடுகிறது என்று அர்த்தம். தூசி கூடினால் இன்றைக்கு அரவை கூடுதல், அல்லது கூரை பிய்ந்துவிட்டது. வாசலில் நின்று எது என்று சொல்ல முடியாது. ஆனால் வாசலில் செங்கல் கிடந்தால் சுவர் இடிந்திருக்கிறது. தேட வேண்டியது செங்கலை.

கணைய நொதி செல்லுக்குள் அப்படிப்பட்ட பொருள் இருக்கிறது: மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 எழுத்து நீளமே உள்ள குட்டி இழைகள்; எந்த மரபணுவை எவ்வளவு ஓட விடுவது என்று செல்லுக்குள் கட்டுப்படுத்துபவை. இவற்றைக் கண்டுபிடித்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ரவ்கனுக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. இவற்றில் மிர்-216ஏ, மிர்-216பி, மிர்-217 மூன்றும் கணைய நொதி செல்களில் செறிந்து, மற்ற திசுக்களில் மிகக் குறைவாக இருக்கின்றன. நொதியைப்போலக் குடலுக்கு அனுப்புவதற்காகச் செய்து வைத்த சரக்கில்லை இது. ரத்தத்தில் அதிகமாகத் தெரிந்தால் செல் உடைந்திருக்க வேண்டும். மிர்-375 என்று நாலாவது ஒன்றும் உண்டு. அது இன்சுலின் செய்யும் திட்டுகளிலும் நிறைய இருக்கிறது, ஆகவே தனியாக நின்றால் அவ்வளவு தெளிவில்லை.

2010-ல் சீன ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை மிகையாகச் செலுத்திக் கணைய அழற்சி உண்டாக்கினார்கள். ரத்தத்தில் மிர்-216ஏ ஏறியது. குடலில் துளையிட்டு வயிறு முழுக்கக் கிருமித்தொற்று வரவைத்த எலிகளில் அது பெரும்பாலும் தென்படவே இல்லை. கணையம் கெட்டால் மட்டும் பேசும் குறியீடு என்பதற்கு இது நல்ல முதல் சாட்சி. அதன்பின் எஃப்.டி.ஏ. ஆய்வகத்திலும் மருந்து நிறுவனங்களிலும் எலிகளிலும் நாய்களிலும் திரும்பச் செய்தார்கள்.

அவர்கள் பயன்படுத்திய கருவிப் பொருள்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. செருலீன் என்று பெயர். ஆஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளைத் தோலிலிருந்து கிடைத்த பெப்டைட். கொஞ்சமாகக் கொடுத்தால் கணையம் சந்தோஷமாகச் சுரக்கும். அந்த அளவைத் தாண்டி ஏற்றினால் சுரப்பு அடைபட்டு, நொதிகள் செல்லுக்குள்ளேயே விழித்துக்கொண்டு செல்லைத் தின்னத் தொடங்கும். ஒரே பொருள், ஒரே ஏற்பி, அளவு மட்டும் வேறு. சுரப்பையும் உடைப்பையும் பிரித்துக் காட்டும் ஒரு குறியீட்டைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான உரைகல் கிடைக்காது. திசுவைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்த காயத்தோடு இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் சேர்ந்தே ஏறின.

சிக்கல்களும் இருக்கின்றன. லைபேஸைச் சின்ன ஊர் ஆய்வகத்திலும் அரை மணி நேரத்தில் அளந்துவிடலாம், இவற்றுக்கு பி.சி.ஆர். வேண்டும், சில மணி நேரம் பிடிக்கும். ஒரு ஆய்வகத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடப் பொதுவான அளவுகோல் வேண்டும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் அதிலிருந்து வரும் ஆர்.என்.ஏ. கணக்கைக் குழப்பும். எலியில் சரியாக வந்தது மனிதரில் எந்த அளவில் எச்சரிக்கை மணி என்பதும் மனிதர்களிடம் பார்த்துத்தான் தெரிய வேண்டும்.

இதைத் தனி ஒரு நிறுவனம் செய்து முடிக்காது. சிறுநீரகத்துக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. அரிசோனாவின் டூசான் நகரில் இருக்கும் கிரிட்டிக்கல் பாத் நிறுவனத்தின் கூட்டமைப்பில் போட்டி மருந்துக் கம்பெனிகள் தங்கள் தரவைப் பகிர்ந்துகொண்டன. 2008-ல் சிறுநீரில் பார்க்கும் ஏழு புரதங்களை எலிச் சோதனைகளுக்கு எஃப்.டி.ஏ.வும் ஐரோப்பிய முகமையும் ஏற்றுக்கொண்டன. அதே கூட்டமைப்பு கணையத்துக்கும் இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை எடுத்துக்கொண்டது. 2019-ல் ஐரோப்பாவில் தொடங்கிய டிரான்ஸ்பயோலைன் திட்டம் கணையத்தை மனிதர்களிடம் பார்க்க வேண்டிய உறுப்புகளில் ஒன்றாகச் சேர்த்தது.

என் மதிப்பீடு இது. 2007-ன் எச்சரிக்கை தேவையானதே, தயங்கியிருந்தால் தவறு. அப்புறம் நடந்ததில்தான் காலம் வீணானது. நீரிழிவாளர்களின் சாதாரண லைபேஸ் அளவு என்ன என்ற அடிப்படைக் கணக்கை, மருந்து சந்தைக்கு வருவதற்கு முன்பே எடுத்திருக்கலாம். அதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. புது மருந்துச் சோதனைகளில் ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஒரு பங்கை உறையவைத்து எடுத்து வைத்தால், அழற்சி வந்தவரின் பழைய மாதிரிகளைப் பின்னோக்கி எடுத்து, லைபேஸ் ஏறியபோது மிர்-217 ஏறியதா என்று பார்க்கலாம். அந்த 370 பேரில் யாருக்கு வெறும் சுரப்பு, யாருக்கு உடைப்பு என்று பிரிப்பது அப்படித்தான் முடியும்.

2025 மார்ச்சில் டிர்செபடைட் மவுன்ஜாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. நீரிழிவு இல்லாதவர்களும் எடை குறைக்க இந்த ஊசிகளைப் போடுகிறார்கள். பித்தக்கல், மது, ஏறிய டிரைகிளிசரைடு எல்லாம் நம் ஊரிலும் குறைவில்லை. ஊசி போட்டவருக்குக் கணைய அழற்சி வந்தால் அதை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800 180 3024 என்ற இலவச எண்ணில் நோயாளியோ வீட்டாரோ நேரடியாகச் சொல்லலாம். சொல்லும்போது மருந்தின் பெயர், அளவு, வலி தொடங்கிய நாள், லைபேஸ் எண், ஸ்கேன் முடிவு, பித்தக்கல் உண்டா, கிரியாட்டினின் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2007-ன் 30 அறிக்கைகளில் 27-க்கு வேறு காரணம் இருந்தது தெரிய வந்ததே, அந்த விவரங்களை யாரோ பொறுமையாக எழுதி வைத்திருந்ததால்தான்.